டிட்டோ போட்ட டீபக்கர்

1. திரும்பி வந்த பதினோரு போர்டு

அறுபது போர்டு அனுப்பினோம். பதினொன்று திரும்பி வந்தது. அந்தக் காலை நேரத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். புதிதாக சாஃப்ட்வேர் வேலைக்கு வரும் பிள்ளைகள், "சார், என் மெஷின்ல சரியாத்தான் வருது" என்று மார்தட்டும்போதெல்லாம் எனக்கு இந்த விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்களிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே செல்போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற, கம்பி இழுக்கிற கம்பெனிகள் அப்போதே நிறைய. அவர்களுடைய உலையின் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் போர்டு செய்வதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. மொத்தமே முப்பது பேர். ஒரு கதவில் 'சாஃப்ட்வேர் டிபார்ட்மென்ட்' என்று பலகை மாட்டியிருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே நான் ஒருத்தன்தான் இருப்பேன். போர்டுக்குள் ஓடும் புரோகிராம், போர்டைச் சோதிக்கும் புரோகிராம், ஆபீஸ் பிரின்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டால் எடுப்பது, எல்லாம் என் தலையில்.

வீடு திருநின்றவூர். பேசின் பிரிட்ஜ் வரை ஒரு வண்டி, அங்கே இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி. அன்றைக்கு இரண்டாவது வண்டி லேட். நான் உள்ளே நுழைந்தபோது புரொடக்‌ஷன் மேனேஜர் தயாளன் சாருடைய மேஜையில் பதினோரு போர்டும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் டெஸ்டிங் ரிஜிஸ்டர். எதிரில் நசீமா நின்றுகொண்டிருந்தாள்.

நசீமா எங்கள் டெஸ்டர். பழவேற்காட்டுப் பெண், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியப் போகிறது. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகவேண்டும்.

"வாய்யா குமரேசு, வா. இத்தப் பாரு" என்றார் தயாளன் சார். "மில்லுக்காரன் போன் போட்டு கிழிகிழின்னு கிழிச்சிட்டான். உலை நாப்பது டிகிரி கூட ஓடிக்கினு கீது, நம்ம போர்டு எல்லாம் சரியா கீதுன்னு காட்டிக்கினு கீதாம். பதினொன்னுலயும் ஆஃப்செட் காலி."

ஆஃப்செட் என்பது போர்டுக்குள் ஒரு சின்ன மெமரி சிப்பில் நாங்கள் எழுதி வைக்கும் எண். வெப்பத்தை அளக்கும்போது வரும் பிசகைச் சரிக்கட்டுவதற்கு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு நாலு இலக்க எண், இரண்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்து முந்நூறுக்கும் நடுவில் இருக்கும். பக்கத்துப் பக்கத்து போர்டு இரண்டுக்கும் ஒரே எண் அமைவது அபூர்வம். டெஸ்டர் அந்த எண்ணை நான் செய்த 'டீபக்கர்' என்ற புரோகிராமில் படித்து, ரிஜிஸ்டரில் எழுதி, போர்டில் 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டுவார். மெமரி சிப்பின் கால் சரியாகப் பற்றவில்லை என்றால் எண்ணைப் படிக்கவே முடியாது. திரும்பி வந்த பதினொன்றிலும் அதுதான் கோளாறு. அப்படியானால் அவற்றுக்கு ஓகே ஸ்டிக்கர் எப்படி வந்தது?

தயாளன் சார் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். நசீமாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எண்கள் வரிசையாக இறங்கிவந்தன. நடுநடுவே பதினோரு இடத்தில் எண் இல்லை. இரண்டு சின்னக் கோடு மட்டும். மேலே உள்ளதேதான் இதற்கும் என்று போடுவோமே, அந்த டிட்டோ.

"டெஸ்ட்டே பண்ணாம மேல கீறத அப்டியே டிட்டோ போட்டு உட்டுகீது. பேஜாரு பண்ணிட்ச்சு."

"இல்ல சார்" என்றாள் நசீமா. "ஒவ்வொன்னத்தயும் மாட்டிப் பாத்தேன். அதே நம்பர்தான் வந்துச்சு. எனக்கே டவுட்டாயி இன்னொரு வாட்டி பாத்தேன். அப்பவும் அதேதான் வந்துச்சு. அதனாலதான் டிட்டோ போட்டேன்."

தயாளன் சார் என்னைப் பார்த்தார். "இன்னாய்யா? டீபக்கர்ல எதுனா தப்பு இருக்குமா?"

"இருக்காது சார்" என்றேன்.

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அன்று மதியமே மெமோ கொடுத்தார்கள். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், அதுவரை பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் வேலை போய்விடும். அந்தப் பேட்டையில் ஒரு கம்பெனியில் மெமோ வாங்கி வெளியே வந்தால் அடுத்த கம்பெனியின் வாசலுக்கு அந்தச் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

2. என் கைக்கு ஒரு எண்

நான் ஏன் அப்படி அடித்துச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீபக்கர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிற புரோகிராம். எந்த மெமரியில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டால் காட்டும். எங்கள் சிப்புக்கு விலை கொடுத்து வாங்கும் டீபக்கருக்கு யானை விலை சொன்னார்கள். நான் இலவசமாகக் கிடைத்த ஒரு டீபக்கரின் சோர்ஸ் கோடை, அதாவது அதன் மூல வரிகளை, திருநின்றவூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை டவுன்லோடு பண்ணி, சிடியில் ஏற்றி, எங்கள் போர்டோடு பேசுகிற மாதிரி மாற்றினேன். நாலு மாத வேலை. முதல்முறை போர்டிலிருந்து ஒரு எண் ஸ்கிரீனில் வந்தபோது தயாளன் சாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அன்றிலிருந்து கம்பெனியில் அதற்கு 'குமரேசன் டீபக்கர்' என்றே பேர். பெற்ற பிள்ளையை யாராவது திருடன் என்றால் ஒத்துக்கொள்வோமா?

ஆனாலும் நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து, திரும்பி வந்த போர்டில் ஒன்றை அன்று சாயங்காலம் நானே மாட்டினேன். 'பிரிண்ட் ஆஃப்செட்' என்று கமாண்ட் அடித்தேன். பத்து இலக்கத்தில் ஒரு தறிகெட்ட எண் வந்தது. அடுத்த போர்டுக்கும் அப்படியே. பதினொன்றும் அப்படியே. இரண்டாயிரத்துச் சொச்சம் வரவேண்டிய இடத்தில் கோடிக்கணக்கில் ஒரு எண் வந்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும், போர்டு கெட்டுப்போயிருக்கிறது என்று.

நேரே போய் தயாளன் சாரிடம் சொன்னேன். "சார், டீபக்கர் கரெக்டாதான் காட்டுது. கெட்ட போர்டுக்குக் கண்டபடி நம்பர் வருது. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப அந்தப் பொண்ணு பாக்கல."

"ஆமா சார். பாக்கல."

சொல்லிவிட்டு நிம்மதியாக ஐந்தரை மணி வண்டியைப் பிடித்தேன்.

அந்த வண்டியில்தான் ஆரம்பித்தது என் குழப்பம். நசீமா பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டு பஸ் பிடிக்க வேண்டும். வழக்கமாக மகளிர் பெட்டியில்தான் போவாள். அன்றைக்கு நான் இருந்த பெட்டியில் ஏறி, என் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. கணக்குக் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணா, நான் டெஸ்ட் பண்ணாம டிட்டோ போட்டேன்னே வெச்சிக்குங்க. அறுபதுல பதினொன்ன உட்டுட்டேன். அந்தப் பதினொன்னும் கரெக்டா கெட்ட போர்டாவே எப்டிணா இருக்கும்? நல்ல போர்டு ஒன்னுகூடவா நான் பாக்காம உடல?"

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொன்னுணா. அந்த போர்டுங்க மட்டும் நம்பர் காட்டறதுக்கு ரெண்டு மூணு செகண்டு லேட்டாச்சு. நல்லாப் பாத்ததனாலதான் இதக்கூட சொல்றேன்."

"பிசி பழசும்மா. அதனால இருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு உட்கார்ந்திருந்த இடம் சுட்டது. ஒருத்தி சோம்பேறித்தனமாக பதினோரு போர்டை விட்டிருந்தால், அதில் ஏழெட்டாவது நல்ல போர்டாக இருந்திருக்க வேண்டும். கெட்டது எது என்று தெரியாமல் கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து ஏமாற்ற யாராலும் முடியாது. அவளுடைய டிட்டோ ஒவ்வொன்றும் கெட்ட போர்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் நான் பார்த்தபோது வந்தது வேறு எண். ஒரே போர்டு, ஒரே பிசி, ஒரே டீபக்கர். அவள் சொல்வதும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை என்றால் என்னதான் நடக்கிறது? பேசின் பிரிட்ஜில் இறங்க மறந்து சென்ட்ரல் வரை போய்த் திரும்பினேன்.

3. மேலே எது, கீழே எது

மறுநாள் காலையிலிருந்து டீபக்கரின் சோர்ஸ் கோடைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம், எங்கோ ஒரு வேரியபிளை இனிஷியலைஸ் பண்ணாமல், அதாவது அதில் முதல் எண்ணை எழுதி வைக்காமல், விட்டிருக்கிறோமோ என்பது. சி மொழியில் எழுதியவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. ஒரு எண்ணை வைக்க இடம் கேட்டால் நாம் எழுதியதை மெஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் இடத்தைக் கொடுத்துவிடும், அந்த இடத்தைத் துடைத்துக் கொடுக்காது. முன்பு அங்கே எது கிடந்ததோ அது அப்படியே கிடக்கும். துடைக்காத ஸ்லேட்டு மாதிரி. நாம் புதிதாக எழுதாமல் படித்தால், யாரோ எப்போதோ கிறுக்கியதைத்தான் படிப்போம்.

கம்பைலரின் எச்சரிக்கைகளை நான் முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். திரை முழுக்க ஓடி எரிச்சலூட்டுகிறது என்று நானே செய்த காரியம். அதைத் திறந்துவிட்டேன். முந்நூறு வரிக்குமேல் ஓடியது. அதில் இருபது இடத்தில் 'இந்த வேரியபிள் இனிஷியலைஸ் ஆகாமல் பயன்படக்கூடும்' என்று இருந்தது. ஆஹா, மாட்டிக்கொண்டாய் என்று ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கம்பைல், ஒரு கெட்ட போர்டு. இருபதும் முடிந்தது. எண் அதே தறிகெட்ட எண்தான். இருபது பிழையைத் திருத்தியும் என் பிழை அதில் ஒன்றுகூட இல்லை.

சரி, நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்று கோடுக்குள் ஒரு பிரிண்ட் வரியைச் செருகினேன். எண் மாறிவிட்டது. இப்போது மைனஸில் வந்தது. அந்த வரியை எடுத்தேன். பழைய எண் வந்தது. வேறு இடத்தில் செருகினேன். பூஜ்யம் வந்தது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பார்க்காதபோது ஒரு எண், பார்த்தால் ஒரு எண், பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொரு எண்! கம்ப்யூட்டர் என்றால் கேட்டதற்கு ஒரே பதில் சொல்லும் என்று நம்பித்தானே நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்?

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். டீபக்கரையே இன்னொரு டீபக்கரால் பிடித்துப் பார்ப்பது. என்னுடைய டீபக்கர் ஒரு ஜன்னலில் ஓடும், அதை வேவு பார்க்கும் டீபக்கர் இன்னொரு ஜன்னலில் ஓடும். இரண்டும் ஒரே சோர்ஸிலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே கறுப்புத் திரை, ஒரே மாதிரி கேள்விக்குறி போட்டு கமாண்டுக்குக் காத்திருக்கும். எதில் நான் அடிக்கிறேன் என்று பத்து நிமிடத்தில் எனக்குக் குழம்பிப்போனது. இரண்டு துண்டுக் காகிதத்தில் 'போலீஸ்', 'திருடன்' என்று எழுதி மானிட்டரின் இரண்டு பக்கமும் ஒட்டினேன். பிறகு டீ குடித்துவிட்டு வந்து ஜன்னல்களை இடம் மாற்றிவிட்டேன். காகிதத்தை மாற்ற மறந்துவிட்டேன். திருடனை மூடுவதாக நினைத்துப் போலீஸை மூடினேன். மதியம்வரை பண்ணின ஏற்பாடு முழுக்கப் போயிற்று.

எட்டிப் பார்த்த தயாளன் சார், "இன்னாய்யா, தப்பே இருக்காதுன்ன, காலைலேர்ந்து அத்தயே நோண்டிக்கினு கீற?" என்றார்.

"சும்மா சார். ஒரு சந்தேகம்."

"மெமோவுக்கு நாளிக்கி கடைசி நாளு. அந்தப் பொண்ணு விளக்கம் எழுதிக் குட்த்துட்ச்சு. நாலே வரி. பாத்தேன், மறுபடி பாத்தேன், வந்ததை எழுதினேன்னு. இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவர் போனதும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பயம். தப்பைக் கண்டுபிடிக்க முடியாதோ என்று ஒரு பயம். கண்டுபிடித்துவிடுவேனோ என்று அதைவிடப் பெரிய பயம்.

4. வெறும் என்டர்

மூன்றாம் நாள் காலை பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். நசீமா தரையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நசீமா, எழுந்து வாம்மா. நீ எப்படி டெஸ்ட் பண்ணுவியோ அப்படியே பண்ணிக் காட்டு. நான் ஒன்னும் பேசமாட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ஸ்டாக்கில் இருந்த நல்ல போர்டு ஒன்றை மாட்டினாள். 'பிரிண்ட் ஆஃப்செட்' என்று அடித்தாள். 2147 வந்தது. போர்டைக் கழற்றினாள். அடுத்த நல்ல போர்டை மாட்டினாள். இந்தத் தடவை ஒன்றும் அடிக்கவில்லை. சுண்டுவிரலால் என்டரை மட்டும் தட்டினாள். 2093. அடுத்ததாக, திரும்பி வந்த கெட்ட போர்டை மாட்டினாள். என்டர். இரண்டு செகண்டு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வந்தது.

2093.

நான் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்துவிட்டேன். "இன்னொரு வாட்டி தட்டு."

என்டர். இரண்டு செகண்டு. 2093.

"கமாண்ட் அடிக்காம ஏன் வெறும் என்டர் தட்டற?"

"ஒவ்வொரு போர்டுக்கும் முழுசா அடிச்சிக்கினு இருந்தா பொழுது பூடும்ணா. வெறும் என்டர் தட்டினா போன கமாண்டே திரும்ப ஓடும், ஈஸியா இருக்கும்னு நீங்கதானே சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிற தோரணையில் சொன்னேன். நான் சோதித்தபோது மட்டும், ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்கிறேன் பேர்வழி என்று, ஒவ்வொரு முறையும் முழுக் கமாண்டையும் அடித்திருந்தேன்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. என் அறைக்கு ஓடி, போர்டிலிருந்து எண்ணைப் படித்துக் காட்டும் ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டை, திறந்தேன். அதில் எண்ணை வைக்க ஒரு வேரியபிள். இனிஷியலைஸ் பண்ணவில்லை. அதன் முகவரியை இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்து, 'போர்டைக் கேட்டு இதில் எண்ணைப் போட்டு வா' என்று அனுப்பியிருந்தேன். அப்படி முகவரியைக் கொடுத்துவிட்டால், யாரோ நிரப்பிக்கொள்வார்கள் என்று கம்பைலர் எச்சரிக்கை தராமல் விட்டுவிடும். முந்நூறு வரியில் இந்த வரி இல்லாததற்கு அதுதான் காரணம். நான் அனுப்பிய ஃபங்ஷன் போர்டைக் கேட்கிறது. இரண்டு செகண்டு காத்திருக்கிறது. பதில் வராவிட்டால், 'பதில் வரவில்லை' என்று ஒழுங்காகத்தான் திரும்பிவந்து சொல்கிறது. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. நேராக ஸ்லேட்டைப் படித்துத் திரையில் போட்டுவிட்டேன்.

முழுக் கமாண்டை அடித்தால், அடித்த எழுத்துக்கள் அந்த இடத்தின்மேல் கிறுக்கிவிடும். எனக்கு வந்த பத்து இலக்கக் கண்றாவி அதுதான். பிரிண்ட் வரியைச் செருகியபோது எண் மாறியதும் அப்படித்தான். வெறும் என்டர் தட்டினால் எதுவும் மேலே எழுதப்படுவதில்லை. அங்கே கிடப்பது போன போர்டின் நல்ல எண். பதில் வராத ஒவ்வொரு போர்டுக்கும் டீபக்கர்தான் டிட்டோ போட்டிருக்கிறது. நசீமா அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

அந்த ஃபங்ஷனின் தலையில் கமென்ட் வரி ஒன்று இருந்தது. 'எங்கள் போர்டுக்காகச் சேர்த்தது', கீழே என் இனிஷியல். இலவசமாகச் சோர்ஸ் கொடுத்த புண்ணியவான்கள் எழுதியதாக இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் ஏங்கினேன். அவ்வளவு அற்பமாக இருந்தேன்.

திருத்துவதற்குப் போனதும் முதலில் வேரியபிளுக்குப் பூஜ்யம் போட்டேன். கை பழக்கம். கெட்ட போர்டை மாட்டினால் அழகாக 0 வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். எங்கள் பழைய மாடல் போர்டில் ஆஃப்செட் பூஜ்யமாக இருப்பது சாதாரணம். அதற்கும் ஓகே ஸ்டிக்கர் உண்டு. ஒரு பொய்யை எடுத்துவிட்டு, இன்னும் நாகரிகமான பொய் ஒன்றை வைக்கப் பார்த்திருக்கிறேன். பூஜ்யத்தோடு விடாமல், பதில் வராவிட்டால் எந்த எண்ணையும் காட்டாமல் 'பதில் வரவில்லை' என்று திரையில் எழுதும்படி செய்தேன். நாலு வரி. அந்த நாலு வரியை முதலிலேயே எழுதியிருக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

5. யாருக்கு மெமோ

தயாளன் சார் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அன்னிக்கு அட்ச்சி சொன்னியேய்யா, இருக்காதுன்னு."

"ஆமா சார்."

"சரி உடு. சைலண்டா சரி பண்ணிடு. பொண்ணுக்கு ஒரு வார்னிங்கோட முட்ச்சிக்கலாம். மெமோ குட்த்துட்டு சும்மா வாபஸ் வாங்குனா நமக்குத்தான் அசிங்கம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். எல்லாரையும் சமாளித்தே பழகியவர். எனக்கும் ஒரு கணம் அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது, மறைக்க மாட்டேன். வேலையும் போகாது, என் பேரும் கெடாது. ஆனால் வார்னிங் என்று ஒன்று ஃபைலில் உட்கார்ந்துவிட்டால், மாதக் கடைசியில் அதைப் புரட்டுகிற முதலாளிக்கு நசீமா பார்க்காமல் எழுதுகிற பெண். அவ்வளவுதான். நிரந்தரமாவது எங்கே?

"வார்னிங் எனக்குக் குடுங்க சார். நான் எழுதித் தரேன்."

எழுதினேன். பதில் வராத போர்டுக்கு டீபக்கர் முந்தைய போர்டின் எண்ணைக் காட்டியது, அந்தப் பகுதியை எழுதியவன் நான், சோதிக்காமலேயே தவறு இல்லை என்று சொன்னவனும் நான், டெஸ்டர் திரையில் கண்டதைத்தான் எழுதினார் என்று. தயாளன் சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உனக்கு ரோசம் ஜாஸ்திய்யா" என்று ஃபைலில் போட்டுக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது. அந்த வருடம் எனக்குக் கிடைக்க வேண்டியிருந்த சீனியர் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. நசீமாவின் மெமோவை வாபஸ் வாங்கினார்கள். மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்தது.

சின்னவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வேரியபிளை இனிஷியலைஸ் பண்ணுங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு நான் வேண்டாம். 'டீபக்கரில் தப்பு இருக்குமா' என்று அன்றைக்கு என்னைக் கேட்டபோது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லாமல், ஏற்கெனவே மனசில் கிடந்ததை எடுத்துப் பதிலாகக் கொடுத்தேன். ஒரு ஆளுடைய பிழைப்பே அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதும் புரோகிராமையும் அப்படிச் சொல்ல வையுங்கள்.

மெமோ வாபஸான மறுநாள், குடோனில் இருந்த ஸ்டாக் முழுக்க மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. நூற்று நாற்பது போர்டு. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு நசீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மாட்டி, என்டரைத் தட்டி, எண்ணைச் சொன்னாள். நான் ரிஜிஸ்டரில் எழுதினேன். முப்பதாவது போர்டோ என்னவோ, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒன்னு கேக்கட்டாணா? அன்னிக்கு நீங்களா தனியா செக் பண்ணீங்களே, அப்பவே என்னயும் கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்குமே. ஏன் கூப்பிடல?"

வேலை நெருக்கடி என்று சொல்லலாம். தோன்றவில்லை என்று சொல்லலாம். இரண்டும் வாய் வரை வந்தன.

"நீ பொய் சொல்றன்னு நெனச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கேபிளைக் கழற்றி அடுத்த போர்டில் மாட்டினாள்.

"தெரியும்ணா. நீங்களா சொல்றீங்களான்னுதான் கேட்டேன். எழுதுங்க, ரெண்டாயிரத்து எழுபத்தாறு."

எழுதினேன்.